மேட்டில் மட்டும் வரும் சத்தம்

மூன்றாவது முறையாக அந்த வெண்ணெய் நிறக் கார் பட்டறைக்குள் நுழைந்தபோதும் வால்வக்கா கைவேலையை நிறுத்தவில்லை. குச்சி முனையில் ரப்பர் கப், கப்பில் ஒட்டிக்கொண்ட, தேய்த்துப் பொருத்தவேண்டிய இஞ்சின் வால்வு. குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே, காதை மட்டும் வாசலுக்கு அனுப்பினாள். வாசலில் ஒரு சரிவு உண்டு. அதில் ஏறக் கார் மூச்சைக் கொடுத்தபோது, ஒரு நொடிதான், அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் நாலு குண்டூசியைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது.

சரிவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த அவள் புருஷன் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த சலனம்கூட இல்லை.

அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தது வண்டி விட வந்தவர்கள். அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள ஆரம்பித்தது அவர். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது டாப்பெட் லூசு, சைலன்சர்ல ஓட்டை, ஓட்டிட்டு வர்றவருக்கு வீட்ல சண்டை" என்று சொல்லிவிடுவார். மூன்றும் சரியாக இருக்கும். கண்ணை மூடவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. மூடாவிட்டால் பார்ப்பவர்களுக்குத் திருப்தி வராது. டைமிங் வைப்பது, அதாவது பிளக்கில் பொறி எந்த நொடியில் விழவேண்டும் என்று தீர்மானிப்பது, அவருக்குக் காதால் செய்யும் வேலை. அதற்கென்று பளிச் பளிச்சென வெளிச்சம் அடிக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு லைட் கடையில் கிடைக்கிறது. "சாப்பாட்டுல உப்பு இருக்கான்னு நாக்கால பாக்காம பூதக்கண்ணாடியால பாக்குறவனுக்குத்தான் அந்த லைட்டு" என்பார்.

காரிலிருந்து இறங்கியவர் ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது பழைய கார் வைத்திருப்பவர்களின் பேரவைக்குத் தலைவர். பேரவையில் பதினோரு உறுப்பினர்கள். பொறுப்பாளர்கள் பதின்மூன்று பேர், ஏனென்றால் இரண்டு பேருக்கு இரண்டு பொறுப்பு. தலைவர் எதைப் பேசினாலும் "முதலாவதாக" என்று தொடங்குவார். இரண்டாவதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"முதலாவதாக," என்றார் தலைவர், கார்க் கதவை நினைவுச்சின்னத்தின் கதவைப்போல மெதுவாகச் சாத்திவிட்டு, "இது சாதாரண சத்தம் இல்ல. இதுக்குப் பேரு டெட்டொனேஷன்."

"நாங்க நாக்கிங்னு சொல்லுவோம்" என்றாள் வால்வக்கா.

"பேச்சு வழக்குல அப்படியும் சொல்றாங்க" என்று தலைவர் பெருந்தன்மையாக அனுமதித்தார்.

"நானும் ரெண்டு தடவை மேட்ல ஏத்திப் பாத்துட்டேன் சார்" என்றார் காதுக்காரர். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. நாளைக்குக் காலையில ஆறரைக்குப் பேரவையோட மலைப் பயணம். முன்னாடி போறது என் வண்டி. மக வர்றா, பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரு வர்றாங்க. பாதி மலையில இது மக்கர் பண்ணினா, இந்த இஞ்சினக் கட்டினது யாருன்னு மத்த பத்துப் பேரும் கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல? காதுக்காரருக்குக் காது போச்சுன்னா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காதுக்காரரும் சிரித்தார். வால்வக்காவின் உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சி நின்றுவிட்டது.

காருக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்தபோது அதற்குக் கொடுத்த இஞ்சின், ஏறியவர்களை இறங்கவேண்டிய இடத்தில் இறக்கும். அதற்கு மேல் ஆசைப்படாது. தலைவர் ஆசைப்பட்டார். ஒன்றரை மாதத்துக்கு முன் ஹெட்டை, அதாவது இஞ்சினின் தலைமூடியை, லேத்துக்கு அனுப்பிச் சீவி, பெரிய கார்புரேட்டர் வைத்து, உள்ளே பாதியை மாற்றி, காதுக்காரர்தான் அதற்கு இளமையைத் திருப்பிக் கொடுத்தார். இந்த வயதில் இளமை திரும்பினால் கூடவே வரும் தொந்தரவுகளில் ஒன்று நாக்கிங். பிஸ்டன் மேலே வந்து திரும்பும் நேரத்தில்தான் நெருப்பு அதைக் கீழே தள்ளவேண்டும். வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால், மாடிப்படி ஏறுகிறவனை மேலே நிற்கிறவன் மார்பில் உதைத்த கதைதான். அந்த உதையின் சத்தம் சமதரையில் வராது. மேட்டில், சுமை ஏறும்போது மட்டும் வரும். கொஞ்ச நாள் தாங்கும். பிறகு ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை விழும், அதுவும் திரும்ப இடமில்லாத வளைவில்.

நாலு நாளாக வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. புழுக்கத்தில் பட்டறைத் தகரக் கூரை அடுப்பு மூடியைப்போல இருந்தது. இந்தச் சூட்டில் நாக்கிங் இன்னும் மோசமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவருக்கு விசிறியடியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, வால்வக்கா பிளக்குகளைக் கழற்றினாள்.

நாலு பிளக்கையும் பழைய துணியில் வரிசையாக வைத்து லென்ஸ் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுப் பொடி தூவியதுபோலப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே மினுக் மினுக்கென்று இரண்டு மூன்று.  ஒரு பிளக்கை எடுத்துப் போய்ப் புருஷனிடம் நீட்டினாள்.

"பாருங்க."

"கார்பன்."

"கார்பன் கறுப்பா இருக்கும். இது மினுங்குது. பிஸ்டன் அலுமினியம் தெறிச்சு ஒட்டியிருக்கு."

"பெட்ரோல் மட்டமா போட்டிருப்பாரு."

"உசந்த பெட்ரோல்தான் போட்டிருக்காரு. போன தடவை நீங்கதானே போடச் சொன்னீங்க."

அவர் பிளக்கை வாங்கி, துணியால் அழுத்தித் துடைத்து, சுத்தமான பிளக்கைத் திருப்பிக் கொடுத்தார். சாட்சியைக் குளிப்பாட்டிவிட்டால் வழக்கு தள்ளுபடி என்பதுபோல. மற்ற மூன்றையும் வால்வக்கா அவர் கைக்கு எட்டாமல் தன் மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினாள்.

அந்த நேரத்துக்குப் பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து அவள் தம்பி, ஒரு கையில் தேநீர்ப் பாத்திரமும் மறு கையில் ரொட்டியும் அவித்த முட்டையுமாக வந்தான். மாமன் வாயிலிருந்து இன்று தன் பெயர் வரும் என்று அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் முட்டை.

"வா மாப்ளே" என்றார் காதுக்காரர். "உன்னத்தான் நெனச்சேன். தலையக் கொஞ்சம் சீவிட்டு வான்னு அனுப்பினேன். நீ கழுத்தையே சீவிட்டு வந்திருக்கே."

"மாமா, நீங்க சொன்னது ஒரு மில்லிமீட்டர். நான் எடுத்தது ஒரு மில்லி. லேத்துக்கு மாமன் மச்சான் தெரியாது."

"அழுத்தம் ஜாஸ்தியானாத்தான் நாக்கிங் வரும்."

"அப்ப நாக்கிங் இருக்குன்னு ஒத்துக்கறீங்க."

காதுக்காரர் முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஓடு சிறு சிறு துண்டாகத்தான் வந்தது. "அவரு இருக்குங்கறாரு. நான் இருக்குன்னு சொல்லல."

"இல்லாத சத்தத்துக்கு என் தல எதுக்கு மாமா உருளணும்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் வால்வக்கா. "கேஜ எடு. அளந்துடுவோம்."

பிளக் துவாரத்தில் கேஜைச் சொருகி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார்கள். நாலும் ஒரே அளவு. இருக்கவேண்டிய இடத்திலேயே முள் நின்றது. தம்பி ஒவ்வொரு முறையும் முள்ளை மாமனுக்குக் காட்டி, எதுவும் பேசாமல், மாமன் படித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பேசியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"அப்ப டைமிங்தான்" என்றான்.

"டைமிங் கச்சிதமா இருக்கு."

"யாரு சொன்னா?"

காதுக்காரர் தன் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். வேறு நாலு பிளக்குகளை மாட்டி, இஞ்சினைக் கிளப்பி, வயரை இணைத்து, கீழே, பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியின்மேல் குறி வைத்தார். பளிச், பளிச், பளிச். ஓடும் புல்லி அந்த வெளிச்சத்தில் உறைந்ததுபோலத் தெரிந்தது. விளிம்பில் போட்டிருந்த சிவப்புக் கோடு, அசையாமல், பத்து என்ற எண்ணுக்கு நேராக நின்றது.

"பத்து டிகிரி. ஒரு மயிரிழை அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் இல்ல. கோடு பொய் சொல்லுமா?"

தம்பி கோட்டைப் பார்த்தான். வால்வக்கா லைட்டைப் பார்த்தாள். அதன் கைப்பிடியில் விரல்கள் பட்டுப் பட்டுக் கறை ஏறியிருந்தது. நேற்று வாங்கிய லைட் இல்லை அது. இருபது வருஷமாகப் பூதக்கண்ணாடி என்று நக்கல் செய்த பொருளை அவர் எப்போது வாங்கினார், எதற்குத் துணியில் சுற்றி வைத்தார், எதற்குத் தன்னிடம் சொல்லவில்லை?

அவள் மேசைக்குத் திரும்பினாள். கிண்ணத்தில் வால்வு லாக்குகள் கிடந்தன; சுண்டுவிரல் நகம் அளவு இரும்புத் துண்டுகள். முன்பெல்லாம் அதில் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால் பட்டறையின் மறு கோடியிலிருந்து குரல் வரும்: "இடது பக்கம், மேசைக் காலுக்கு அடியில." தேடவே வேண்டாம். இஞ்சினை அணைக்கும்வரை காத்திருந்தாள். தம்பி வெளியே போனான். காதுக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டி, நாலடி தூரத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

வால்வக்கா ஒரு லாக்கை எடுத்து, சிமெண்டுத் தரையில் விட்டாள். டிங். விசிறிக்கடியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த தலைவர்கூடத் திரும்பவில்லை; அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. அவள் பார்த்தது ஒரே ஒரு முதுகை. அது கை துடைப்பதைத் தொடர்ந்தது.

குனிந்து அதை அவளே தேடி எடுத்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது.

மதியத்துக்கு மேல், தலைவர் புத்தகத்தில் படித்திருந்தபடி, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துவாரமான ஜெட்டை ஒரு அளவு பெரியதாகப் போட்டார்கள். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போனால் உள்ளே சூடு தணியும் என்பது கணக்கு. பிறகு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் கிளம்பினார்கள். காதுக்காரர் ஓட்டினார். தலைவர் பின் இருக்கையின் நடுவில், மாலைக்குக் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்தார்.

"நானும் வரேன்" என்று வால்வக்கா முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கு?"

"காத்தாட."

மேடு தொடங்கும் இடத்தில் காதுக்காரர் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தார். கார் முக்கியது. சத்தம் வந்தது. இந்தத் தடவை குண்டூசி இல்லை. டப்பா நிறைய ஆணி. மேடு முடியும்வரை நிற்காமல் வந்தது. வால்வக்காவுக்குத் தன் பற்களிலேயே அது கேட்டது.

"சத்தம் போச்சு" என்றார் பின்னாலிருந்து தலைவர். "சுத்தமா போச்சு. முதலாவதாக, ஜெட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"எனக்கும் ஒண்ணும் கேக்கல சார்" என்றார் காதுக்காரர். அவர் குரலில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு.

வால்வக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னை வைத்து ஏதாவது விளையாடுகிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. இரண்டு முகங்களிலும் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மாதமாக ஒரு சத்தத்தை இருக்கிறது என்று ஒருவரும் இல்லை என்று ஒருவரும் சண்டை போட்டார்களே, அந்தச் சத்தம் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.

இப்போது அவள் ஒன்றும் செய்யவேண்டாம். வாயை மூடிக்கொண்டு காத்து வாங்கினால் போதும். வண்டி சரியாகிவிட்டது என்று தலைவரே சொல்லிவிட்டார். காதுக்காரர் காதுக்காரராகவே வீடு திரும்பலாம், தூரத்திலிருந்தெல்லாம் வண்டிகள் அந்தக் காதைத் தேடி வந்துகொண்டேயிருக்கும். இந்த நிம்மதிக்கு நாளைக் காலை ஆறரை மணி வரை ஆயுள். அதற்கப்புறம் பாதி மலை, பின்னால் பத்துக் கார்கள், உள்ளே இரண்டு குழந்தைகள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

"ஏன்?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்."

நிறுத்தினார். அவள் திரும்பித் தலைவரைப் பார்த்துச் சொன்னாள். "சார், இந்த வண்டி நாளைக்கு மலைக்குப் போகாது. நாக்கிங் அப்படியே இருக்கு. காலையிலவிட ஜாஸ்தி."

காதுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "அது டாப்பெட் சத்தம். உனக்குத் தெரியாது."

"டாப்பெட்ட வெச்சதே நான்தான்."

"அம்மா," என்றார் தலைவர், கூட்டத்தில் குறுக்கே பேசியவரை அடக்கும் குரலில், "எனக்குக் கேக்கலியே."

"சரி சார். போன வாரம் கேட்டுதா?"

"முதலாவதாக..."

"உங்க காதால கேட்டீங்களா?"

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். துடைக்க இன்னும் கொஞ்சம் நெற்றி மிச்சமிருந்திருந்தால் அதையும் துடைத்திருப்பார். "வீட்ல சொன்னாங்க" என்றார் கடைசியில். "ஒரு மாசமா இந்த வண்டியில ஏறமாட்டேங்கறாங்க. உள்ள யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி இருக்குன்னு."

"டெட்டொனேஷன்னு சொன்னீங்களே?"

"அது புத்தகத்துல இருந்தது."

இழுப்பறையில் போட்ட பிளக்கில் ஒன்றை அவள் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். லென்ஸோடு பின்னால் நீட்டினாள். "காத நம்பவேணாம். இத எடுத்துட்டுப் போய் வெளிச்சத்துல பாருங்க. மினுங்குறது எல்லாம் உங்க பிஸ்டன்."

தலைவர் இறங்கி, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நின்று, தன் பிஸ்டனை லென்ஸில் தேட ஆரம்பித்தார். காருக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மிஞ்சினார்கள். கண்ணாடி இறக்கியிருந்தும் காற்று உள்ளே வரவில்லை.

"அந்த லைட்ட எப்ப வாங்கினீங்க?"

அவர் கியர்த் தடியைத் துணியால் துடைத்தார்.

"காலையில வால்வு லாக் ஒண்ண கீழ போட்டேன். நீங்க திரும்பல."

"வேணும்னே போட்டியா?"

"ஆமா."

அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் அவளுக்கும் திருப்பித் திட்டச் சொல் இருந்தது. "மெல்லிசு சத்தம் மட்டும்தான்" என்றார் மெதுவாக. "பெருசெல்லாம் கேக்குது. நீ பேசறது நல்லாவே கேக்குது."

"அது ஒண்ணாவது போயிருக்கக்கூடாதான்னு வேண்டியிருப்பீங்க."

அவர் உதடு அசைந்தது. சிரிப்பு வரை போகவில்லை. "இத அந்த ஆளுகிட்ட சொல்லப்போறியா? பதினோரு பேருக்கும் தீர்மானமே போட்டு அனுப்புவான்."

"சத்தத்தப் பத்தி நான் சொல்லுவேன். காதப் பத்தி சொல்லவேண்டியது நீங்க. சொன்னா சொல்லுங்க, சொல்லாட்டிப் போங்க. முதல்ல இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரத் தளர்த்துங்க. நான் உங்க முட்டியில தட்டறேன். தட்டினா நாக்கிங் இருக்குன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் அவர் இறங்கவில்லை. பிறகு இறங்கினார்.

கார் மூடியைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு இழை திருப்பினார். பொறி அந்த அளவுக்குத் தாமதமாக விழும். மேட்டின் அடிக்குப் போய் மறுபடி ஏற்றினார். அவள் முட்டியில் தட்டினாள்; தட்டிக்கொண்டே இருந்தாள். இன்னொரு இழை. மறுபடி மேடு. இரண்டாவது முறை அவள் கை கொஞ்சம் தாமதமாக விழுந்தது. மூன்றாவது முறை மேட்டின் உச்சியில் மட்டும் இரண்டு தட்டு. மரத்தடியில் நின்ற தலைவர், தன் கார் இப்படிப் போய்ப் போய் வருவதைப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை அவள் கை மடியிலேயே இருந்தது.

"இல்லியா?"

"இல்ல."

"வண்டி மேட்ல சோரலியே."

"சோரல. நல்லாவே ஏறுது."

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் லைட்டை எடுத்தார், ஒளிக்காமல் எடுத்தார். தம்பியும் வந்து குனிந்தான். பளிச், பளிச். சிவப்புக் கோடு பத்தைவிட்டு நழுவி, பூஜ்யத்துக்கு நேராக நின்றது.

"மாமா, பத்து டிகிரி பின்னாடி கெடக்கு" என்றான் தம்பி. "இந்த டைமிங்குல வண்டி மேட்டப் பாத்தாலே மயக்கம் போடணும்."

"போடல. குதிரையாட்டம் ஏறுச்சு" என்றாள் வால்வக்கா.

காதுக்காரர் கண்ணை மூடினார். இந்தத் தடவை பார்ப்பவர்களுக்காக மூடவில்லை என்பது வால்வக்காவுக்குத் தெரிந்தது. இஞ்சினை அணைத்தார். கண்ணைத் திறந்தார்.

"அப்ப கோடுதான் பொய் சொல்லுது. மாப்ளே, ஒரு பழைய பிளக்க எடுத்து, பீங்கான உடைச்சிட்டு, நடுவுல ஒரு போல்ட்ட வெல்டு வெச்சுக் கொண்டா."

கால் மணி நேரத்தில் வந்தது. அதை முதல் சிலிண்டரில் திருகினார்கள். இனி பிஸ்டன் மேலே வந்தால் போல்ட்டில் முட்டி நிற்கும். இஞ்சினைக் கையால் வலது பக்கம் சுற்றி, முட்டிய இடத்தில் புல்லியின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு. இடது பக்கம் சுற்றி, முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில்தான் பிஸ்டனின் உச்சி. தம்பி நூல் பிடித்து அளந்து அந்த நடுவைக் குறித்தான். அழகான சிவப்புக் கோடு அங்கிருந்து அரை விரல் தள்ளி, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோல இருந்தது.

"பத்து டிகிரி" என்றான் தம்பி. "லைட்டுல பத்துன்னு தெரிஞ்சப்ப நிஜத்துல இருபது. பொறி அவ்வளவு சீக்கிரமா விழுந்திருக்கு."

அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை. உள்ளே ஒரு சக்கரம், வெளியே ஒரு வளையம், நடுவில் ரப்பர். கோடு இருப்பது வளையத்தில். வளையம் ரப்பரின்மேல் நகர்ந்தால் கோடும் நகரும். அதை நம்பி டைமிங் வைப்பது, தெருக்காரன் திருப்பி வைத்த வழிகாட்டிப் பலகையை நம்பி ஊர் போவதுதான். காதுக்காரர் புல்லியின் விளிம்பை விரலால் தடவினார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

"சார், நான் இஞ்சினக் கட்டறதுக்கு முன்னாடி இந்தப் புல்லிய யாராவது கழட்டினாங்களா?"

தலைவர் தேநீர் டம்ளருக்குள் பார்த்தார். "கண்காட்சிக்காக நிக்கல் முலாம் போடக் குடுத்தேன்."

"வளையத்தத் தனியா கழட்டினாங்களா?"

"முலாம் சரியா ஏறாதுன்னு கழட்டி, சூடு பண்ணி, மறுபடி தட்டி ஏத்தினாங்க. கோடு மறைஞ்சு போயிருந்தது. நானே பெயிண்ட் அடிச்சேன். மெல்லிசான பிரஷ்ல." அவர் நிறுத்தினார். "அதுக்கு முதல் பரிசு குடுத்தாங்க."

"யாரு சார் குடுத்தா?"

"பேரவைதான்."

 தம்பி ரொட்டி சாப்பிடும் சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள்கள் குலுங்கின. காதுக்காரரும் சிரித்திருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை நம்பினவர் அவர். பழைய நாளாக இருந்தால் லைட்டும் கோடும் என்ன சொன்னாலும், காது முதல் மேட்டிலேயே பிடித்திருக்கும். அதை அந்தப் பட்டறையில் அறிந்த இன்னொருத்தி வால்வக்கா; அவள் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

தம்பி தன் இரும்புக் குவியலைக் கிளறி, அதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு புல்லியைத் தேடி எடுத்தான். கறுத்து, எண்ணெய் படிந்து, எந்தக் கண்காட்சிக்கும் லாயக்கில்லாத, யோக்கியமான புல்லி. ரப்பர் கெட்டியாக இருந்தது. மாட்டிவிட்டு, போல்ட் வைத்த பிளக்கால் மறுபடி இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள். பிஸ்டனின் உச்சியும் புல்லியின் வெட்டுக்குறியும் ஒன்றாக நின்றன. டைமிங் பத்தில் வைத்தார்கள். தலைவர் அந்தக் கறுப்புப் புல்லியை, மாப்பிள்ளை வேஷத்துக்குப் பழைய செருப்பைக் கொடுத்ததுபோலப் பார்த்தார்.

"முலாம் போட்டுடாதீங்க சார்" என்றான் தம்பி.

சாயங்காலம் பொழுது சாயும் நேரத்துக்குத் தலைவரின் மனைவி ஒரு வாடகை வண்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான, அவசரமில்லாத பெண்மணி. "சத்தம் போச்சுன்னு இவரு போன் பண்ணினாரு" என்றார் வால்வக்காவிடம். "இவரு பேச்ச நம்பிப் பேரப்பிள்ளைங்கள ஏத்தமாட்டேன். நான் ஒரு தடவை உக்காந்து பாக்கணும்."

நாலு பேரும் ஏறினார்கள். முன்னால் காதுக்காரரும் வால்வக்காவும். பின்னால் தலைவர், இந்தத் தடவை நடுவில் இல்லை, ஓரமாக. பகல் முழுக்கத் திறக்காத வானம் இன்னும் மூடியேதான் இருந்தது. புழுக்கம் குறையவில்லை. நாக்கிங் வருவதானால் இப்போதும் வரும்.

தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. காதுக்காரர் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தார். கார் முன்னால் எம்பியது. அவர் கண் பாதையில் இருந்தது, இடது முட்டி அவள் கைக்காகக் காத்திருந்தது. பின்னால் தலைவர் சாலையைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவு ஒட்டும் பலகையைப் பார்ப்பதுபோல. இரண்டு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. பாதி மேடு. முக்கால் மேடு. தொட்டி ஜன்னலில் தெரிந்து பின்னால் விலகியது.

"கேக்குதா?" என்றார் காதுக்காரர்.

வால்வக்கா உச்சி வரும்வரை பேசவில்லை. இத்தனை நாள் ஒளித்து வைத்ததற்கு அவ்வளவாவது அவர் காத்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல" என்றாள்.

"எனக்கும் இல்ல" என்றார் பின்னாலிருந்து தலைவரின் மனைவி.

கார் சமதரைக்கு வந்தது. காதுக்காரர் கியரை மாற்றினார். கண்ணாடியில் தலைவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பேசித் தீர்க்கவேண்டிய ஒன்றைப் பேசித் தீர்க்கிறவர்போல, சத்தமாகவே சொன்னார்.

"எனக்கு ரெண்டு வருஷமாவே இல்ல."

 வால்வக்காவின் கை மடியிலிருந்து எழுந்து, தட்டாமல், அவர் முட்டியின்மேல் போய் உட்கார்ந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முதலாவதாக," என்றார். நின்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "எனக்கு நாலு வருஷமா."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர் மனைவி. "இரண்டாவதாக, கண்ணாடிய ஏத்துங்க. மழை வருது."

வந்தது. முதல் துளிகள் காரின் கூரைமேல் டிங், டிங்கென்று விழுந்தன. காதுக்காரர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைச் சுட்டிக் காட்டி, அவர் முட்டியில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.